படகு வீடுகள்: உரிமம் முதல் கட்டுத்துறை வரை – சட்டம் சொல்வது என்ன, பயணிகள் கவனிக்க வேண்டியது என்ன?

கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள தானூரில், 2023 மே 7 ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரத்தில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். தூவல் தீரம் கடற்கரையை ஒட்டி, பூரப்புழா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இந்த விபத்து நேர்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகளும் பெண்களும் ஆவர். ஒரே கூட்டுக்குடும்பத்தைச் சேர்ந்த பலர் ஒருசேர உயிரிழந்தது நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

விசாரணையில் வெளியான தகவல்கள் கவனத்துக்குரியவை. மீன்பிடிப்புக்காகக் கட்டப்பட்ட படகு சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டிருந்தது. 22 பயணிகளுக்கு மட்டுமே இடமிருந்த அதில் 37 பேர் ஏற்றப்பட்டிருந்ததாகக் காவல்துறை நீதிமன்றத்தில் தெரிவித்தது. சூரியன் மறைந்த பிறகும் சவாரி நடத்தப்பட்டது. எனினும் அது எந்த ஆவணமும் இல்லாத படகு அன்று. அதற்கு ஆய்வுச் சான்று வழங்கப்பட்டிருந்தது. பதிவு நடைமுறை முடிவடையவில்லை. பதிவு முடியும் முன்பே அது பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டது. படகு உரிமையாளர் மீது கொலைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. சான்று வழங்கிய நடைமுறை தொடர்பாகத் துறைமுகத் துறை அலுவலர்கள் இருவரும் பின்னர் கைது செய்யப்பட்டனர்.

'உரிமமற்ற படகு' என்றவுடன் அதிகாரிகளின் கண்ணில் படாமல் ஒளிந்து திரியும் படகையே பலரும் எண்ணுவர். உண்மையில் இத்தகைய படகுகள் பகல் வெளிச்சத்தில், படகுத் துறையில், மற்ற படகுகளோடு வரிசையில் நின்றே இயங்குகின்றன. பெரும்பாலும் அவற்றிடம் ஏதோ ஒரு சான்று இருக்கும். ஆனால் வேண்டிய அனைத்தும் இராது. ஒரு படகு வீட்டுக்கு எத்தனை அனுமதிகள் தேவை, அவை ஒவ்வொன்றும் எதற்காக ஏற்பட்டன, படகு ஓடுவதைப் போலவே அது கட்டப்படும் இடமும் ஏன் முக்கியம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படகு வீடு என்பது என்ன?

தமிழ்நாட்டில் உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் ஏரிப் படகுச் சவாரி நடைபெறும் நிலையத்தைப் 'படகு இல்லம்' என்று அழைக்கிறோம். படகு வீடு என்பது வேறு. படுக்கையறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றுடன், நீரின் மேல் தங்குவதற்காகவே அமைக்கப்பட்ட கலம் அது. இந்தியாவில் இதற்கு இரண்டு முதன்மை வடிவங்கள் உள்ளன.

முதலாவது, கேரளத்தின் கெட்டுவள்ளம். குட்டநாட்டின் நெல்லையும் பிற சரக்குகளையும் ஏற்றிச் சென்ற பெரிய வள்ளம் இது. அயனிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் பிணைத்துக் கட்டியதால் இப்பெயர் பெற்றது. சாலைகளும் பாலங்களும் பெருகியபின் சரக்குப் போக்குவரத்து லாரிகளுக்கு மாறியது. வேலையிழந்த வள்ளங்கள் 1990-களின் தொடக்கத்தில் இருந்து சுற்றுலாப் படகு வீடுகளாக மறுவாழ்வு பெற்றன. ஆலப்புழாவின் புன்னமடைக் காயலும் வேம்பநாட்டுக் காயலும் இத்தொழிலின் மையங்கள். இவை இயந்திரத்தால் இயங்கி, பகலில் காயலைச் சுற்றி வருபவை.

இரண்டாவது, காஷ்மீரின் தால், நிகீன் ஏரிகளிலும் ஜீலம் ஆற்றிலும் உள்ள படகு வீடுகள். டோக்ரா மன்னர் காலத்தில் காஷ்மீரில் வெளியாருக்கு நிலம் வாங்க அனுமதி இல்லாததால், ஆங்கிலேயர்கள் நீரின் மேல் வீடமைத்துத் தங்கத் தொடங்கினர். தேவதாரு மரத்தால் ஆன இந்தப் படகு வீடுகள் பெரும்பாலும் இடம்பெயர்வதில்லை. ஓரிடத்தில் கட்டப்பட்டு அங்கேயே நிற்கும்.

ஓடும் படகுக்கும் நிற்கும் படகுக்கும் ஆபத்துகள் வேறு. ஓடுவது கவிழலாம், மோதலாம். நிற்பது தீப்பற்றலாம், நீரை மாசுபடுத்தலாம். கேரளப் படகு வீடு பகலில் முதல் வகையாகவும் இரவில் இரண்டாம் வகையாகவும் இருப்பதால் இரு வகை விதிகளும் அதற்குப் பொருந்தும்.

எத்தனை அனுமதிகள் தேவை?

நூறாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1917-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்கு மாற்றாக, நாடாளுமன்றம் 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை இயற்றியது. அதுவரை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை வகுத்து வந்தது. ஒரு மாநிலத்தில் பதிவான கலம் மற்றொரு மாநிலத்தில் இயங்கத் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின்படி ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு நாடு முழுவதும் செல்லும். கலங்களின் விவரங்கள் மைய மின்னணுத் தரவுத்தளத்தில் சேர்க்கப்படும். எனினும் ஆய்வு செய்வதும் சான்று வழங்குவதும் மாநில அரசுகளின் பொறுப்பாகவே தொடர்கின்றன.

இயந்திரத்தால் இயங்கும் பயணிகள் படகு ஒன்று சட்டப்படி ஓட வேண்டுமானால், பின்வரும் படிநிலைகளை அது கடக்க வேண்டும்.

முதலாவது, ஆய்வுச் சான்று. தகுதிபெற்ற ஆய்வாளர் படகின் உடலையும் இயந்திரத்தையும் நிலைத்தன்மையையும் சோதித்து, எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை முடிவு செய்கிறார். படகின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்கு அதைக் கரையேற்ற வேண்டியிருக்கும். இச்சான்று குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். பிறகு மீண்டும் ஆய்வு தேவை.

இரண்டாவது, பதிவு. பதிவு பெற்ற படகுக்கு எண் வழங்கப்படும். அதை வெளியில் தெரியும்படி எழுத வேண்டும். படகின் அமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மேல்தளம் சேர்ப்பதும் கூடுதல் அறை கட்டுவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, ஊழியர் தகுதி. படகைச் செலுத்துபவரும் இயந்திரத்தைக் கவனிப்பவரும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். கலத்தின் வகைக்கேற்ப குறைந்தபட்ச ஊழியர் எண்ணிக்கையும் வரையறுக்கப்படுகிறது.

நான்காவது, காப்பீடு. பயணிகளுக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் இழப்பீடு வழங்கும் பொறுப்பை இது உள்ளடக்கியது.

ஐந்தாவது, மாசுத் தடுப்பு. கழிவுநீரைச் சேமிக்கும் தொட்டியும் அதை முறையாக ஒப்படைக்கும் ஏற்பாடும் வேண்டும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறுகளிலும் ஏரிகளிலும் கழிவைக் கலப்பது குற்றம்.

இவை அனைத்தும் நிறைவேறிய பிறகும், படகைக் கட்டுவதற்கு முறையான இடம் வேண்டும். இதைக் கட்டுத்துறை எனலாம். கரை யாருடையதோ, அவருடைய அனுமதி இதற்குத் தேவை. உள்ளாட்சி அமைப்பு, துறைமுகத் துறை, நீர்ப்பாசனத் துறை, தனியார் என எவரும் அதன் உரிமையாளராக இருக்கலாம். மற்ற ஐந்தும் படகைப் பற்றியவை. இது ஊரைப் பற்றியது. நடைமுறையில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

மாற்றியமைத்த படகு ஏன் கவிழ்கிறது?

ஆய்வுச் சான்றின் இன்றியமையாமையைப் புரிந்துகொள்ள, படகு நீரில் நிமிர்ந்து நிற்பது எப்படி என்பதை அறிய வேண்டும். மீன்பிடிப் படகில் பனிக்கட்டியும் மீனும் அடிப்பகுதியில் உள்ள அறையில் நிரப்பப்படும். எடை கீழே இருப்பதால் அலையில் சாய்ந்தாலும் படகு மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். அதே படகின் மேல் தளம் அமைத்து நாற்காலிகளைப் போட்டு மனிதர்களை ஏற்றினால், எடை முழுவதும் மேலே சென்றுவிடுகிறது. சாய்ந்தால் நிமிரும் ஆற்றல் குறைகிறது.

பனிக்கட்டி இடம் மாறாது, மனிதர்கள் மாறுவார்கள். கரையில் ஒரு காட்சி தென்பட்டால் அனைவரும் ஒரே பக்கம் திரள்வது இயல்பு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அது கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான படகு. சேவைக்கு வந்து நீண்ட காலம் ஆகாத புதிய படகும்கூட. கரையில் தென்பட்ட வனவிலங்கைக் காணப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது அது சாய்ந்தது. படகின் வடிவமைப்பும் அதன் நிலைத்தன்மையும் பின்னர் விசாரணைக்கு உள்ளாயின.

ஆகவே 'எத்தனை பேர் ஏறலாம்' என்ற எண், இருக்கைகளை எண்ணிப் பார்த்து எழுதப்படுவது அன்று. அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் படகு தாங்குமா என்ற கணக்கின் விடை அது. பதிவுக்குப் பின் ஓர் அறையையோ தளத்தையோ சேர்த்தால் அந்தக் கணக்கு செல்லாததாகிவிடும். கையில் உள்ள சான்று வேறொரு படகைப் பற்றியதாகிவிடும்.

உரிமம் ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை?

வேம்பநாட்டுக் காயல் எத்தனை படகுகளைத் தாங்கும் என்று கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாட்டு மற்றும் மேலாண்மை மையம் பத்தாண்டுகளுக்கு முன் ஆய்வு செய்தது. ஆலப்புழா பகுதியில் 500-க்கும் குறைவான இயந்திரப் படகுகளே இயங்கலாம் என்பது அதன் முடிவு. உண்மையில் இயங்கியவை அதைவிட இருமடங்குக்கும் மேல். புதிய பதிவுகளைக் கட்டுப்படுத்தியதன் பின்னணி இதுதான்.

ஆனால் சுற்றுலாப் பயணிகளின் வரவு குறையவில்லை. தேவை வளர்ந்து, புதிய பதிவு கடினமானபோது, பழைய பதிவு எண்ணுக்கே விலை ஏற்பட்டது. சிறிய படகாகப் பதிவானது பெரிதாக்கப்பட்டது. காலாவதியான சான்றுடன் படகுகள் தொடர்ந்து ஓடின. 2020 ஜனவரியில் முகம்மா அருகே பாதிராமணல் தீவை ஒட்டி ஒரு படகு வீடு தீப்பற்றி எரிந்தது. நல்வாய்ப்பாக அதிலிருந்த பயணிகளும் ஊழியர்களும் மீட்கப்பட்டனர். உரிமம் காலாவதியான பிறகும் அப்படகு இயக்கப்பட்டது பின்னர் தெரியவந்தது.

உரிமையாளர்கள் தரப்பிலும் இடர்ப்பாடுகள் உண்டு. ஆய்வுக்காகப் படகைக் கரையேற்றும் வசதி எல்லா இடங்களிலும் இல்லை. கரையேற்றி, பழுது நீக்கி, ஆய்வாளர் வரும் வரை காத்திருந்தால் பல வார வருமானம் நின்றுவிடும். மழைக்காலத்தில் தொழில் மந்தம். சுற்றுலாப் பருவத்தில் ஒரு நாளையும் இழக்க மனமிராது. உரிமையாளர் ஒருவர், குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் மற்றொருவர், பயணிகளை அழைத்து வரும் தரகர் மூன்றாமவர் என்று தொழில் பிரிந்து கிடப்பதால், சான்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு எவருடையது என்பதும் மங்கிவிடுகிறது.

மறுபுறம், அபராதம் சுமையாக இல்லை. குறைந்தபட்ச ஊழியர் எண்ணிக்கை தொடர்பான விதியை முதன்முறை மீறினால் ரூ.10,000 வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு ரூ.25,000 வரையும் அபராதம் விதிக்க 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. பருவ காலத்தில் பெரிய படகு வீடு ஒன்றின் ஓரிரவு வாடகையே முதல் தொகையைத் தாண்டிவிடும்.

மாலை ஐந்தரைக்குப் பிறகு

ஆலப்புழாவில் படகு வீட்டில் தங்கியவர்களுக்கு ஒரு நடைமுறை நினைவிருக்கும். மாலை 5.30 மணி அளவில் படகு ஓரிடத்தில் கட்டப்படும். மறுநாள் காலை வரை அது நகராது. இரவில் காயல் மீனவர்களுக்கு உரியது. அவர்கள் விரிக்கும் வலைகளைப் படகுகளின் சுழல்விசிறி அறுத்துவிடக் கூடாது என்பதற்காகவும், இருளில் விபத்து நேரக் கூடாது என்பதற்காகவும் இக்கட்டுப்பாடு உள்ளது.

விதி நல்லது. ஆனால் அதன் விளைவு ஒன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பகலில் காயல் முழுவதும் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான படகுகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் கரை தேவைப்படுகிறது. அதிகாரப்பூர்வ படகுத் துறைகளில் அத்தனைக்கும் இடம் இல்லை. எனவே எங்கு கயிற்றைக் கட்ட முடியுமோ அங்கெல்லாம் படகுகள் கட்டப்படுகின்றன. குட்டநாட்டில் கரை என்பது பெரும்பாலும் வயலைக் காக்கும் வரப்பணை. அங்குள்ள வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. வரப்பணை உடைந்தால் வெள்ளம் வயலுக்குள் புகும். படகுகள் எழுப்பும் அலையும், கட்டிய படகின் இழுவையும் அந்தக் கரையை அரிக்கின்றன.

கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. அவர்கள் குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதே நீரில்தான். வீட்டு வாசலில் இரவு முழுவதும் படகுகள் வரிசையாக நின்றால், மின்னாக்கியின் இரைச்சலும் புகையும் வீட்டுக்குள் வருகின்றன. கழிவுத் தொட்டி நிரம்பிய படகு, கரையில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அந்நிலையம் தொலைவில் இருந்தாலோ, வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, இருளில் கழிவைக் காயலிலேயே திறந்துவிடும் ஆசை எழுகிறது. வேம்பநாடு 2002-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த அந்த நீர்நிலையின் தூய்மை, படகுகள் இரவில் எங்கு நிற்கின்றன என்பதையும் சார்ந்திருக்கிறது.

கட்டுத்துறை பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும். 2023 நவம்பர் 11 அன்று விடியற்காலையில் ஸ்ரீநகரின் தால் ஏரியில் படகு வீடு ஒன்றில் பற்றிய தீ அடுத்தடுத்த படகுகளுக்குப் பரவியது. ஐந்து படகு வீடுகள் எரிந்து சாம்பலாயின. வங்கதேசத்தைச் சேர்ந்த சுற்றுலாப் பயணிகள் மூவர் உயிரிழந்தனர். மரத்தால் ஆன படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும்போது ஒன்றின் தீ மற்றொன்றுக்குப் பரவச் சில நிமிடங்களே போதும். இரு படகுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, தீயணைப்புப் படகு நுழைய வழி உண்டா, கரைக்குத் தப்பிச் செல்ல நடைபாலம் உண்டா என்பவை கட்டுத்துறை அனுமதியின்போது கேட்கப்பட வேண்டிய கேள்விகள். அனுமதி இல்லாமல் கட்டப்பட்ட படகைப் பற்றி எவரும் இக்கேள்விகளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பவனா ஆறு முதல் பழவேற்காடு வரை

இப்பிரச்சினை கேரளத்துக்கும் காஷ்மீருக்கும் மட்டும் உரியது அன்று. மகாராஷ்டிரத்தின் புனே அருகே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்ட கசார்வாடியை ஒட்டிப் பவனா ஆறு பாய்கிறது. நகரக் கழிவுகளால் நலிந்த அந்த ஆற்றில் படகு வீடுகள் ஏதும் இல்லை. ஆனால் அதே நீர் முளா ஆற்றிலும், பின்னர் முளா-முட்டா வழியாகப் பீமா ஆற்றிலும் கலந்து, உஜனி அணையின் பரந்த நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கு ஊர்களுக்கு இடையே படகுகளே குறுக்குவழி. பிக்வண் பகுதியில் பூநாரைகளைக் காண வரும் பயணிகளை மீனவர்கள் தங்கள் படகுகளில் அழைத்துச் செல்கின்றனர்.

2024 மே 21 மாலை, அந்த நீர்த்தேக்கத்தில் சோலாப்பூர் மாவட்டம் குகாவிலிருந்து புனே மாவட்டம் களாஷிக்குச் சென்ற படகு பலத்த காற்றில் கவிழ்ந்தது. ஆறு பேர் உயிரிழந்தனர். ஒருவர் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தார். அது சுற்றுலாப் படகு அன்று. இரு கரைகளுக்கு இடையே மக்கள் வழக்கமாகச் செல்லும் சவாரி. மகாராஷ்டிரத்தில் உள்நாட்டுப் படகுப் போக்குவரத்தை மேற்பார்வையிடும் கடல்சார் வாரியம் மும்பையை மையமாகக் கொண்டது. உள்மாவட்ட அணைகளில் நாள்தோறும் ஓடும் சிறு படகுகளை ஒரு தலைமையகத்தால் மட்டும் கண்காணிக்க இயலாது.

தமிழ்நாட்டிலும் கசப்பான முன்னுதாரணம் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், விடுமுறையைக் கழிக்க வந்த உறவினர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதுவும் மீன்பிடிப் படகுதான். அதன்பின் அங்கு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

பிற மாநிலங்களின் பட்டியலும் நீளமானது. 2019 செப்டம்பர் 15 அன்று ஆந்திரத்தின் கச்சுலூரு அருகே, கோதாவரியில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடிய நேரத்தில் சென்ற சுற்றுலாப் படகு மூழ்கி சுமார் 50 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹரணி ஏரியில் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் 12 பேரும் ஆசிரியர்கள் இருவரும் உயிரிழந்தனர். இவற்றில் பொதுவாகத் தென்படுபவை மூன்று: அளவுக்கு மீறிய சுமை, பொருந்தாத நேரம் அல்லது நீரோட்டம், அணியப்படாத உயிர்காப்பு அங்கி. மூன்றும் படகு புறப்படும் முன்பே கரையில் நின்று தடுக்கக்கூடியவை.

இதற்கு நம்மிடையே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து உயரும்போதெல்லாம் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படுவதைச் செய்திகளில் காண்கிறோம். இயந்திரம் இல்லாத அந்தச் சிறு கலத்துக்கு, ஆற்றின் அன்றைய நிலையைப் பார்த்து அன்றே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளூரிலேயே இருக்கிறது. இயந்திரமற்ற கலங்களின் பதிவை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் தருகிறது.

பிற நாடுகளில் எப்படி?

ஐரோப்பாவில் படகு வீடு பெரும்பாலும் விடுமுறைக்கானது அன்று, குடியிருப்பு. நகரத்தில் வீட்டு வாடகை உயரும்போது கால்வாய்களில் படகுகள் பெருகுகின்றன. இங்கிலாந்தில் 1995-ஆம் ஆண்டு நீர்வழிச் சட்டப்படி, நிலையான கட்டுத்துறை இல்லாதவர் தம் படகை ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிறுத்தக் கூடாது. தொடர்ந்து பயணத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இதனால் பள்ளி செல்லும் குழந்தைகளோடு படகில் வாழ்பவர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டியுள்ளது. இடம் மாறாதவர்களுக்கும் நீர்வழி நிர்வாகத்துக்கும் இடையே வழக்குகள் தொடர்கின்றன.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் வேறு வழியில் சென்றது. அங்கு சுமார் 2,500 படகு வீடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட இடத்துக்கான அனுமதி உண்டு; இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. படகுகள் கரையில் உள்ள கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டுள்ளன. அங்கு முதலில் கட்டும் இடம் எண்ணப்படுகிறது. படகின் எண்ணிக்கை அதிலிருந்து பெறப்படுகிறது. நம் நாட்டில் நாம் பெரும்பாலும் படகுகளை எண்ணுகிறோம், இடங்களை எண்ணுவதில்லை.

தடையும் சோதனையும் மட்டும் போதுமா?

பெரும் விபத்துக்குப் பின் சில வாரங்கள் தீவிரச் சோதனை நடப்பதும், பின்னர் தளர்வதும் வழக்கமாகிவிட்டது. கேரளத்தில் மட்டும் 2002-ல் குமரகம் அருகே 29 பேர், 2007-ல் தட்டேக்காட்டில் மாணவர்கள் 15 பேரும் ஆசிரியர்கள் மூவரும், 2009-ல் தேக்கடியில் 45 பேர், 2023-ல் தானூரில் 22 பேர் என உயிரிழப்புகள் தொடர்ந்துள்ளன. ஒவ்வொரு விபத்தையும் அடுத்து விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, பரிந்துரைகள் வந்தன. தானூர் விபத்தை அடுத்து கேரள உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, ஏற்றக்கூடிய பயணிகளின் எண்ணிக்கையைப் படகில் தெளிவாகத் தெரியும்படி எழுதிவைக்க உத்தரவிட்டது. எளிய உத்தரவாயினும் இதன் பயன் பெரிது. அதிகாரி இல்லாத நேரத்திலும் பயணியே எண்ணிப் பார்த்து இறங்கிவிடலாம்.

உரிமமற்ற படகுகளைப் பறிமுதல் செய்வதிலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. வாகனத்தைப் போலக் காவல் நிலைய வளாகத்தில் அதை நிறுத்தி வைக்க முடியாது. பறிமுதல் செய்த படகைக் கட்டுவதற்கும் பாதுகாப்பதற்கும் நீரிலேயே இடம் வேண்டும். இல்லையெனில் அது நின்ற இடத்திலேயே சிதைந்து மூழ்கி, வழியை மறித்து, எரிபொருளை நீரில் கசியவிடும். எனவே கரையேற்றும் தளங்களும், போதிய ஆய்வாளர்களும், எண்ணிக்கை வரையறுத்த கட்டுத்துறைகளும், அவற்றோடு இணைந்த கழிவுநீர் வசதியும் அமையாமல், சோதனையை மட்டும் கூட்டுவது நிலையான தீர்வைத் தராது. முறையாக நடத்த விரும்பும் உரிமையாளருக்கு வழி எளிதாக வேண்டும். மீறுபவருக்கு அபராதம் ஒரு நாள் செலவாக இருக்கக் கூடாது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

படகு வீட்டில் தங்கத் திட்டமிடும் குடும்பங்கள், முன்பணம் செலுத்தும் முன்பும் படகில் ஏறும் முன்பும் பின்வருவனவற்றைக் கேட்டறிவது நல்லது.

பதிவு எண் படகின் வெளிப்புறத்தில் எழுதப்பட்டுள்ளதா? கேரளத்தில் இது 'கே.ஐ.வி.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும். எண் இல்லாவிட்டால் ஏற வேண்டாம்.

ஆய்வுச் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? சான்றின் நகலைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. சுற்றுலாத் துறை வழங்கும் தங்க நட்சத்திரம், வெள்ளி நட்சத்திரம் போன்ற தரச் சான்றுகள் வசதிகளைப் பற்றியவை. அவை ஆய்வுச் சான்றுக்கு மாற்றாகா.

எத்தனை பேருக்கு அனுமதி? குழந்தைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். 'சிறு குழந்தைதானே' என்று சேர்க்கப்படும் ஒவ்வொருவரும் படகுக்குச் சுமையே.

அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா, குழந்தைகளின் அளவுக்கு ஏற்றது உண்டா? பெட்டியில் பூட்டிவைத்த அங்கியால் பயனில்லை. படகு நகரும் முன்பே அணிய வேண்டும். தீயணைப்புக் கருவி எங்குள்ளது, சமையல் எரிவாயு உருளை எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? படகு நகரும்போது படம் எடுப்பதற்காக ஒரே பக்கம் திரள வேண்டாம்.

இரவில் படகு எங்கு கட்டப்படும்? இக்கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. அனுமதி பெற்ற துறையா, கரைக்கு இறங்க வழி உண்டா, கழிவுத் தொட்டி எங்கு காலி செய்யப்படும் என்பதற்குத் தெளிவான விடை தருபவர், மற்ற விதிகளையும் பெரும்பாலும் பின்பற்றுபவராகவே இருப்பார்.

சூரியன் மறைந்தபின் 'இன்னும் ஒரு சுற்று' செல்ல வற்புறுத்த வேண்டாம். படகோட்டியே அழைத்தாலும் செல்ல வேண்டாம். பாதுகாப்புக் குறைபாடு தென்பட்டால் துறைமுகத் துறைக்கோ சுற்றுலாக் காவல்துறைக்கோ தெரிவிக்கலாம். தானூர் படகில் குறித்த எண்ணிக்கையில் மட்டும் பயணிகளை ஏற்றி, பகலிலேயே சவாரியை முடித்திருந்தால், அன்று மாலை அந்தக் குடும்பங்கள் வழக்கம்போல வீடு திரும்பியிருக்கும்.